ஜப்பான் இன்ஜின் எங்கே இருக்கிறது?

சித்தப்பா 1992-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் ஒரே பேச்சுதான்: "அது ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின்." ஊருக்குள் ஓட்ட நானும் ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கினேன். பார்க்கப் போன வண்டிக்கெல்லாம் இதே அடைமொழி. 1995 மாடலுக்கும் ஜப்பான் இன்ஜின் என்று சொல்லி விலையை ஏற்றினார்கள்.

1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்த வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, முதலில் வந்தவை ஜப்பானிலிருந்து பாகங்களாக இறங்கி இங்கே பூட்டப்பட்டவை. பிறகு உத்தரப்பிரதேசத்துச் சூரஜ்பூரில் உற்பத்தி வேரூன்றி, 1996 வரை நடந்தது. அப்படியானால் பத்து வருடம் கழித்து வந்த வண்டிக்குள் ஜப்பான் எங்கே இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே தொடும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போய் நின்றேன். ஜப்பான் இன்ஜினை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் அவர் பதிலே சொல்லமாட்டார். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொல்வார், டீ வாங்கித் தருவார், அடுத்த வாரம் வரச் சொல்வார். நானும் விடாமல் போனேன். ஒருநாள் அவரே திருப்பிக் கேட்டார்: "எதைக் கேக்கறீங்க தம்பி? பிஸ்டனையா, கிராங்கையா, பிளாக்கையா? இன்ஜின்னு தனியா ஒரு சாமான் இருக்கா?"

மேசையில் பிரித்துக் கிடந்தது ஒரு 1986 மாடல் இன்ஜின். ஜப்பான் என்று சத்தியம் செய்து கொண்டுவந்த வண்டியாம். பிஸ்டன் தலையில் 1.00 என்று பொறித்திருந்தது. 50 மி.மீ. துளையைப் போர் அடித்து 51 ஆக்கியிருக்கிறார்கள். 98 சி.சி. வண்டி 102 சி.சி. ஆகிவிட்டது. கனெக்டிங் ராடு, பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் எப்போதோ மாற்றியவை. ஜப்பானிலிருந்து வந்ததென்று சொல்ல வெறும் கூடுதான் மிச்சம்.

அதோடு கேள்வியை விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் அவர் கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரீட் வால்வை என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் தொட்டால் வளையும் மெல்லிய இதழ்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது இவை திறந்து பெட்ரோல் கலவையை உள்ளே விடும். இறங்கும்போது மூடிக்கொண்டு, வந்த வழியே திரும்பவிடாமல் தடுக்கும். குறைந்த வேகத்திலும் கலவை வீணாகாது. சிக்னலில் பச்சை விழுந்ததும் இந்தச் சின்ன வண்டி துள்ளிப் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து சைலன்சர். அகன்று குறுகும் அந்தக் குழாய்க்குள் புகையின் அழுத்தம் முட்டித் திரும்பி, வெளியே நழுவப் பார்க்கும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. "சத்தத்துக்காக இதை அறுக்கறாங்க. சத்தம் வரும், இழுவை போயிடும்" என்றார்.

இதைக் கேட்டபிறகு எந்த ஊரில் செய்தது என்ற கேள்வி எனக்குச் சிறிதாகிவிட்டது. இந்த வால்வுக்கும் குழாய்க்கும் கணக்குப் போட்டவர்கள் ஜப்பானியர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் நிறுவனம் கார்ப்பரேட்டர் செய்தது நம் மறைமலைநகரில். சூரஜ்பூர்த் தொழிலாளியும் புதுப்பேட்டை லேத் பட்டறைக்காரரும் சேர்ந்துதான் இந்த வண்டியை இன்றுவரை ஓடவைத்திருக்கிறார்கள். சித்தப்பாவின் வண்டி நன்றாக ஓடியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிளாக்கில் இன்னும் எத்தனை போர் மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். பெயிண்ட், சீட், ஹேண்டில்பார் எதை வேண்டுமானாலும் உங்கள் ஆசைக்கு மாற்றுங்கள். சைலன்சரில் மட்டும் கைவைக்காதீர்கள். ஜப்பான் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.