போனவரும் இருந்தவரும்

மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் சுசீந்திரத்தில் தேர். அன்றைக்கு எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டியாகிவிடும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. அந்தக் கூட்டத்தில் சொந்தமில்லாத ஒரே ஆள், என்னோடு படித்த மயிலாடிக்காரன். 1970களின் தொடக்கம். அவனைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவிடுவது அவனுடைய பாட்டா. உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு குடை. மெயின் ரோட்டில் பேரனை இறக்கிவிட்டு, "மக்கா, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. நான் இங்கனயே இருக்கேன்" என்பார். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை டீக்கடை பெஞ்சில் இருப்பார். ரத வீதிக்குள் ஒரு எட்டு வைத்ததில்லை.

வேதக்காரர், அதனால் தேர் பார்க்க மாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் கேட்டேவிட்டேன். "தேரப் பாக்காண்டாம் பாட்டா, எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிக்கலாம்லா?"

சிரித்தார். "எனக்கு இருவது வயசு வரைக்கும் இந்தத் தெருவுல நடக்கக் கூடாது மக்கா. பொறவு நடக்கலாம்னு ஆச்சு. சட்டம் மாறிட்டு. காலு மாறல."

1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானவர்கள் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடத்தியது, கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியிருக்கிற தெருவில் எல்லோரும் நடப்பதற்கு. 1930-ல் மறுபடியும் போராட்டம். 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. அன்றைக்குப் பாட்டா அடுத்ததாகச் சொன்னதுதான் மனதில் தைத்தது.

"ஒங்க ஊரு கோயிலுக்கு வர முடியாமத்தான் எங்க மகாராசன் சிதம்பரத்துக்கு நடந்து போனாரு."

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி ரோட்டில் போய் வழுக்கம்பாறையில் இடப்பக்கம் திரும்பினால் மயிலாடி. கற்சிலைக்குப் பேர்போன ஊர். இங்கே சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர் மகாராசன். சிவபக்தர். வீட்டுக்குப் பக்கத்திலேயே தாணுமாலயன் இருந்தும், அக்காவின் மகனையோ தங்கையின் மகனையோ, ஏதோ ஒரு மருமகனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். பாட்டா சொன்ன காரணத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு வேறு காரணம் எனக்குத் தோன்றவுமில்லை. நந்தனுக்கு நேர்ந்தது தெரிந்தும் அதே சிதம்பரத்துக்குப் போயிருக்கிறாரே, அதைச் சொல்லுங்கள்.

போன இடத்தில் மனசு நிலைகொள்ளவில்லை. அங்கே ஒரு கனவு கண்டார் என்று மயிலாடியில் சொல்வார்கள். அப்படியே தஞ்சாவூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே கோலாஃப் ஐயர் பிரசங்கம் செய்வதைக் கேட்டார். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) கோலாஃப், சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்புப் பிள்ளை, நல்ல தமிழ் பேசியவர். 1799-ல் மகாராசன் ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கம் ஆனார். கூடப்போன மருமகன் மாசிலாமணி ஆனார்.

புது மதம் கண்டவர் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். கேட்பாரில்லை. ஆனால் பிள்ளைகுட்டிக்காரர். கையில் புத்தகங்களோடு ஊருக்குத் திரும்பினார். வீட்டில் ஜெபம் செய்தார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அதோடு தொந்தரவும் வந்தது. தலைக்கு வரி, கூலியில்லாத ஊழியம், இதற்கு மேல் சாமியையும் மாற்றிக்கொண்டாயா என்ற கோபம் வேறு. தன்னை நம்பி வந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கமே குடிபெயர்ந்து விடலாமா என்றுகூட வேதமாணிக்கம் யோசித்தார். அதற்கு வழி கேட்டு மறுபடியும் கோலாஃபிடம் போனபோதுதான் ரிங்கல்தௌபே என்ற பெயர் அவர் காதில் விழுந்தது.

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர். லண்டன் மிஷன் அனுப்பி 1804-ல் தரங்கம்பாடி வந்து இறங்கியவர். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடிக்கு வந்தார். வந்ததும் சர்ச் கட்டிவிட முடியவில்லை. திவான் வேலுத்தம்பியிடமிருந்து அனுமதி கிடைப்பதாயில்லை. கலகம் நடந்து, வேலுத்தம்பியின் காலமும் முடிந்து, 1809-ல்தான் மயிலாடியில் முதல் ஆலயம் எழும்பியது. பக்கத்தில் பள்ளிக்கூடமும்.

ரிங்கல்தௌபே பிரம்மச்சாரி. சம்பளம் வந்த கையோடு இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார். உடுப்பைப் பற்றிக் கவலையில்லை. ஒரு மாதிரி சந்நியாசி. தாமரைகுளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சபைகளை உண்டாக்கினார். உடம்பு கெட்டது. 1816 ஜனவரியில் ஊரை விட்டுக் கிளம்பினார். சென்னை, கொழும்பு என்று போய்க் கப்பல் ஏறினார். அதன் பிறகு அவர் எங்கே போனார், எங்கே இறந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் புத்தகம் எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினார்கள். ரிஷி என்றார்கள். எனக்கும் அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் போகும்போது சபைகளை எல்லாம் யார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்? வேதமாணிக்கத்தின் பொறுப்பில். தன்னுடைய அங்கியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டுப் போனார் என்று பாட்டா, தானே பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்வார்.

1818 ஜனவரியில் மீட் ஐயர் வந்து சேரும்வரை இரண்டு வருஷம் வெள்ளைக்காரர் யாரும் கிடையாது. சரித்திரப் புத்தகத்தில் இந்த இரண்டு வருஷம் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. எனக்கு அந்த ஒரு வரிக்குள் போய் நின்று பார்க்கத் தோன்றும். துரை போய்விட்டார், இனி கேட்க நாதியில்லை என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ரெசிடெண்டிடம் சொல்லி வரியைக் குறைப்பார், ஊழியத்திலிருந்து விடுவிப்பார் என்று நம்பி வந்தவர்கள், அது நடக்காதபோது யாரிடம் போய்க் கத்தியிருப்பார்கள்? கப்பலில் போனவரிடமா? நள்ளிரவில் யாராவது செத்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்? சந்நியாசிக்குக் கோபம் வந்தால் கிளம்பிவிடலாம். குடும்பஸ்தன் மறுநாளும் அதே தெருவில் அதே முகங்களில்தான் முழிக்க வேண்டும். அத்தை மகன் கொடுக்கல் வாங்கலையும் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிரசங்கமும் பண்ண வேண்டும்.

மீட் வந்தபோது சபை கலைந்திருக்கவில்லை. அவர் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். ராணி கௌரி பார்வதிபாய் உதவினார். செமினாரி, அச்சகம், கல்லூரி என்று பெரிய கதைகள் எல்லாம் நாகர்கோவிலுக்குப் போய்விட்டன. வேதமாணிக்கம் 1827-ல் காலமானார்.

இதில் என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. தேர் நாளில் என் நண்பனுக்கு எங்கள் ஆச்சி காப்பி கொடுப்பாள். முகம் சுளிக்க மாட்டாள். முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் எனக்குத் தருவதைவிட இரண்டு கூடுதலாகவே வைப்பாள். ஆனால் டம்ளர், அடுக்களைக்குப் பின்னால் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளர். அதை நான் கவனித்தது அவன் வரத்து நின்ற பிறகு. அவன் எப்போது கவனித்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாட்டாவுக்கு அது தெரிந்திருக்கும். காப்பிக்குக் கூப்பிட்டபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

சில வருஷங்களுக்கு முன் மயிலாடிக்குப் போயிருந்தேன். அவன் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆலயத்தின் பெயரில் ரிங்கல்தௌபேயோடு வேதமாணிக்கமும் இருக்கிறார். "பாட்டா இருந்தா முதல்ல மகாராசன் பேரப் போடணும்னு சண்டை பிடிச்சிருப்பாரு" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். அவன் மனைவி ஒரே தட்டில் நாலு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். எதை எடுப்பது என்று என் கை ஒரு நொடி தயங்கியது.

"எடு வே," என்றான். "எல்லாம் ஒரே டம்ளர்தான்."