துளை போடாத கல்

ஒரு கூழாங்கல்லைக் கழுத்தில் போட்டுக் கொள்ள ஆசைப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கல்லில் துளை போட்டுக் கயிற்றில் கோர்ப்பது. இன்னொன்று, கல்லை ஒன்றும் செய்யாமல் கம்பியால் சுற்றிக் கட்டுவது. முதல் வழி சொல்லத்தான் சுலபம்! அகேட், படிகம் போன்ற கற்களின் கடினம் மோஸ் அளவில் கிட்டத்தட்ட 7. சாதாரண இரும்பு முனையை வைத்துத் துளைத்தால் தேய்வது முனைதான், கல் அல்ல. வைரத்தூள் ஒட்டிய முனை வேண்டும். தண்ணீர் விட்டுக் கொண்டே பொறுமையாகத் துளைக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அடிப்பக்கம் சில்லு தெறித்தால் அத்தனை உழைப்பும் போச்சு. அதனால்தான் வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் இரண்டாவது வழிக்கு வந்து விடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வயர் ராப்பிங் என்று பெயர். தமிழில் கம்பிக்கட்டு என்று சொல்லிக் கொண்டால் யாரும் கோபித்துக் கொள்ளப் போவதில்லை.

தேவையான சாமான்கள் ரொம்பக் கொஞ்சம். ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சப்பை மூக்குக் குறடு, வளையம் வளைக்க ஒரு உருண்டை மூக்குக் குறடு, செம்புக் கம்பி. அவ்வளவே. வெள்ளிக் கம்பியில் ஆரம்பிப்பது வீண் செலவு, முதல் பத்துக் கட்டும் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். செம்புக் கம்பி மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடை போட்டுக் கிடைக்கும். ஆனால் ஒரு விஷயம்: அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு 20 கேஜ் என்று கேட்டால், அங்கே அது 0.81 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு, அதில் 20 என்றால் 0.91 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். தவிர, காயில் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அது இருக்கும்வரை கம்பி கறுக்காது. நெருப்பில் காட்டினால் பூச்சு கருகி நாறும்.

சரி, கட்டுவது எப்படி? சட்டகத்துக்கு 0.8 மில்லிமீட்டர் அளவில் இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இரண்டையும் சிலுவை போல வைத்து நடுவில் ஒரு முறுக்கு. அதன்மேல் கல்லின் அடியை உட்கார வைத்து, நான்கு முனைகளையும் மேலே கொண்டு வந்து, மெல்லிய கம்பியால் கழுத்தில் நாலைந்து சுற்று. ஒரு முனையைக் குறட்டில் வளைத்துத் தொங்கவிட வளையம். மிச்சத்தை வெட்டி விடலாம். பூ கட்டத் தெரிந்த கைக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கேயும் முடிச்சை விட இழுப்புத்தான் முக்கியம்.

இப்படிக் கட்டியதும் எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். ஒரு உலுக்கு உலுக்கினால் கல் பக்கவாட்டில் நழுவித் தரையில் விழும்! கூழாங்கல்லுக்கு இடுப்பு கிடையாது, மெருகேற்றிய கல் வழுக்கும். எனவே கல்லின் அகலமான இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும், நாலு கம்பிகளையும் மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். வெட்டிய முனைகளைக் கல்லின் பக்கமாக அமுக்கி விட வேண்டும், இல்லாவிட்டால் துப்பட்டாவின் நூலை இழுத்துக் கொண்டே இருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பு இறுகிப் பட்டென்று ஒடியும். எனாமல் இல்லாத கம்பி என்றால், மங்கிய சிவப்பாகும் வரை சுட்டால் மறுபடி இளகும்.

பூச்சில்லாத செம்பு சில நாட்களில் மங்கும், வியர்வை பட்டால் தோலில் பச்சையாகப் படியும். சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதற்கும் தேய்க்கலாம்தான். ஆனால் உள்ளே இருப்பது என்ன கல் என்று பார்த்துவிட்டு! அகேட், படிகத்துக்கு ஒன்றும் ஆகாது. முத்து, பவளம், மாலகைட் என்றால் புளிப்பு அரித்துவிடும்.

மெருகேற்றிய கல் எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்பவர்கள் குறைவு. இந்தியாவில் அகேட் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் குஜராத்தின் கம்பாத். பரூச் பக்கம் ரத்தன்பூர் சுரங்கங்களிலிருந்து வரும் கல்லை அங்கே சூடுபடுத்துவார்கள். உள்ளிருக்கும் இரும்பு சிவந்து சூதுபவளம் ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் இந்தத் தொழில் சிந்துவெளிக் காலத்திலேயே உண்டு. லோத்தலில் மணி செய்யும் பட்டறை கண்டுபிடிக்கப்பட்டது, சிந்துவெளியின் சூதுபவள மணிகள் ஈராக்கின் ஊர் நகரக் கல்லறைகள் வரை போயிருக்கின்றன. நம் கொடுமணல் அகழாய்விலும் சூதுபவள மணிகள் கிடைத்தன. எல்லாம் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கம்பாத்தில் இந்தக் கற்களை எமரிச் சக்கரத்தில் உலர்வாகத் தீட்டுகிறார்கள், பல இடங்களில் வீட்டிலேயே. பறக்கும் தூசி சிலிக்கா. அது நுரையீரலில் தங்கித் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்கிற இந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றிக் கொள்ளும். பல நேரங்களில் காசநோய் என்றே நினைத்து வைத்தியம் பார்த்துவிடுகிறார்கள். அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் இந்தத் தொழிலாளர்களை ஆராய்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் வசித்தவர்களிடமும் பாதிப்பு தெரிந்தது.

எல்லாக் கல்லும் இப்படி வருவதில்லை. உருளையில் கல்லையும் சிலிக்கன் கார்பைடு பொடியையும் தண்ணீரையும் போட்டு வாரக்கணக்கில் சுழலவிடும் முறையும் உண்டு. ஆறு பல காலம் செய்வதை அது சுமார் ஒரு மாதத்தில் செய்யும். ஈரத்தில் நடப்பதால் தூசி பறப்பதும் மிகக் குறைவு. அதிலிருந்து வரும் கல் கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இதய வடிவம், கச்சிதமான நீள்வட்டம், ஊசிக் கூம்பு எல்லாம் யாரோ சக்கரத்தில் பிடித்துத் தீட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

நகைக்கடைக்காரருக்குக் கச்சிதமான கல் இல்லாமல் முடியாது. அச்சில் வார்த்த குழியில் அது உட்கார வேண்டுமே. கம்பிக் கட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடையில் கலந்து கொட்டி வைத்திருக்கும் கோணல் கற்களில் எதை எடுத்தாலும் கம்பி அதன் மேடு பள்ளத்தோடு வளைந்து கொடுக்கும். சொல்லப் போனால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்த கல்தான் கட்டுவதற்கு நல்லது. கம்பி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து கொள்ளும், எவ்வளவு உலுக்கினாலும் கல் நழுவாது.