பின் சீட்டில் அமர்ந்து பார்ப்பவர்

கோவை கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. ஒரு பக்கம் லேத்துகள், இன்னொரு பக்கம் வார்ப்படச் சாலை. கருமணல் வாசமும் கட்டிங் ஆயில் வாசமும் கலந்து வரும். நண்பரின் வண்டியோடு அங்கே போயிருந்தேன். 2010-ஆம் ஆண்டு வந்த ஜெர்மன் தயாரிப்பு, காற்று சஸ்பென்ஷன் வைத்த பெரிய எஸ்யூவி. வாங்கிய புதிதில் பழநிக்குப் போய்த் திரும்பினால் அலுப்பே தெரியாது என்பார் நண்பர். இப்போது எழுபத்தெட்டு வயதாகும் அவருடைய அம்மா அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டார். "இதுக்குப் பஸ்ஸே தேவலை" என்றாராம். ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டியதில், நான்கு மூலையிலும் காற்று ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல பழைய கார் வாங்கிவிடலாம்.

பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. எல்லாருக்கும் அவர் அண்ணன். அம்பாசடரின் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி, துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டுவதில் தொடங்கியவர். நண்பர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஷாக் போயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்று நண்பர் முடித்ததும் தலையசைத்துவிட்டு, ஓரமாக நின்ற டிரைவர் பக்கம் திரும்பினார்.

"காலைல நீங்க போய் பாக்கறப்ப வண்டி எப்படிங்க நிக்குது?"

"முன்னாடி இடது பக்கம் குந்தியிருக்குதுங்ணா. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசத்துல எந்திரிச்சுக்கும்."

நண்பர் திகைத்துப்போனார். அவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் வாசலுக்கு வரும்போது டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார். கம்ப்ரசர் ஓடி, வண்டி நிமிர்ந்து, நான்கு மூலையும் சமமாக நிற்கும். பல மாதங்களாக, தன் வண்டி படுத்துக் கிடந்ததை அதன் சொந்தக்காரர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அண்ணன் அடுத்துப் பார்த்தது டயரை. காற்று அளந்தால் நான்கிலும் 44 பிஎஸ்ஐ. வண்டியில் ஒட்டியிருந்த அட்டவணை அதைவிடக் குறைவாகத்தான் சொன்னது. பெரிய வண்டி என்றாலே தாராளமாக அடித்துவிடுவது பங்க் வழக்கம். டயரின் பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2316 என்ற நான்கு இலக்கம். 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அதற்குப் பொருள். பட்டன் இன்னும் தேயவில்லை, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. அதற்கும் மேலாக ஒன்று. கம்பெனியிலிருந்து வரும்போது 18 அங்குலச் சக்கரமும் 255/55 டயரும் இருந்திருக்கின்றன. நண்பரின் மகன் பார்வைக்காக 20 அங்குலச் சக்கரமும் 265/45 டயரும் மாற்றியிருக்கிறார். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. பழையதில் பக்கச்சுவர் 140 மில்லிமீட்டர், புதியதில் 119. குழியின் முதல் அடியை வாங்கிக்கொள்ளும் அந்த ரப்பர் மெத்தையில் இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது.

"மொதல்ல காசில்லாத வேலை" என்று காற்றை அட்டவணைப்படி குறைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் இடப்பக்கம் ஏறினார். அம்மா உட்காரும் இடம் அதுதான் என்று டிரைவரிடம் கேட்டுவைத்திருந்தார். வெறுங்காலைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையைச் சீட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில். டிரைவர் சரவணம்பட்டி பக்கம் ஓட்டினார். ஓட்டுகிறவரின் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் உடம்பு ஆட்டத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிடும், பின்னால் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை என்றார் அண்ணன். சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் உட்காருகிறார்கள். வண்டியைச் சோதிக்கிறவர்களோ முன்னால் உட்காருகிறார்கள். இத்தனை எளிய விஷயம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்க ஏற்ற வளைவு அது. அந்தத் தெருவில் இருந்ததோ குழாயைப் புதைத்து மூடியதுபோல் ஒரு மேடு. பின்சக்கரம் இறங்கியதும் அண்ணன் வாய்க்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. "ஒண்ணுல நிக்கோணும்" என்றார். ஒட்டுப்போட்ட தார்ச் சாலையில் முன்பக்கம் கடகடவென்றது. 90-இல் போய்ப் பிரேக் பிடித்தபோது தரை லேசாக நடுங்கியது. மூன்று தொல்லைகளும் மூன்று வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்பது அவருக்கு வண்டியை விட்டு இறங்கும் முன்பே தெரிந்துவிட்டது.

சஸ்பென்ஷன் வேலைசெய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள நம் வீடுகளில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிறந்த குழந்தையைப் போட்டால் தொட்டில் படபடவென்று ஆடும். குழந்தை வளர வளரத் தொட்டில் தாழும், ஆட்டமும் மெதுவாகும். இரும்பு ஸ்பிரிங்கின் இயல்பு அது. காரில் ஒருவர் போகும்போது ஓர் ஆட்டம், ஐந்து பேர் பெட்டியோடு ஏறினால் வேறோர் ஆட்டம். காற்று ஸ்பிரிங்கில் எடை கூடக் கூட உள்ளே அழுத்தத்தையும் கூட்டி, உயரத்தைக் குறையாமல் நிறுத்துகிறார்கள். அழுத்தம் கூடும்போது விறைப்பும் கூடவே கூடுவதால், ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சொகுசு வண்டிகளில் காற்றை அடைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். 1957-இல் காடிலாக் எல்டொராடோ பிரௌம் இந்த ஏற்பாட்டோடு வந்தது. ஆனால் தொட்டிலை ஒரு முறை இழுத்துவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்குமே, அதை நிறுத்தத் தனியாக ஒன்று வேண்டும். ஷாக் அப்சார்பரின் வேலை அந்த ஒன்றுதான். அண்ணன் மூன்று வரை எண்ணியதன் பொருள், பின்பக்க ஷாக்கில் உயிர் இல்லை என்பது.

பயணியர் காரின் உடல் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி வடிவமைக்கிறார்கள். குழந்தையைத் தோளில் போட்டு நாம் தட்டிக்கொடுக்கும் வேகம் அது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வைத் தாங்காத இடம் விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான பகுதி. வயிறும் முதுகெலும்பும் அந்த வேகத்தில் கூடவே அதிரத் தொடங்கிவிடும். நல்ல சஸ்பென்ஷன் இந்தப் பகுதியை உடம்பு வரை வரவிடாது. இறுகிய டயரும், இணைப்புகளில் கிழிந்த ரப்பர் புஷ்ஷும் அதைத் தாராளமாக உள்ளே விடுகின்றன. அம்மா ஏன் பஸ்ஸே தேவலை என்றார் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அவர் மிகைப்படுத்தவில்லை.

வண்டி முன்பின்னாகத் தலையாட்டும் தொல்லைக்கு இன்னொரு கதை உண்டு. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போன மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1930-களின் தொடக்கத்தில் ஒரு நீளமான காடிலாக் காரில் எடைக் கட்டிகளை முன்னும் பின்னும் இடம் மாற்றி வைத்து, ஓட்டி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் பயணம் தலையாட்டாமல் சமமாக இருக்கும் என்பது அவர் கண்டது. மேட்டில் முன்சக்கரம்தான் முதலில் ஏறுகிறது. இந்த வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில், விநாடியில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல் நேரம் கழித்துப் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால், தாமதமாகத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். அளவுகருவிகளைவிடத் தன் உடம்பையும் உடன் வந்தவர்களின் உடம்பையும் நம்பி ஆலி கண்ட உண்மை அது. பின்பக்க ஷாக் செத்துப்போன நண்பரின் வண்டியில் இந்தக் கணக்கே குலைந்துபோயிருந்தது.

லிஃப்டில் ஏற்றிய பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கடகடப்புக்குக் காரணமான லிங்க் ராடின் மேல் விரலை வைத்துக்கொண்டு, பையனை வண்டியை ஆட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரல்நுனியில் டிக் டிக்கென்று தட்டும். எனக்கும் வைத்துக் காட்டினார். முன் லோயர் ஆர்மின் பெரிய புஷ்ஷுக்குள், அதிர்வை அடக்குவதற்காகத் திரவம் அடைத்திருப்பார்கள். அது கசிந்து கறையாகப் படிந்திருந்தது. பிரேக் பிடித்தபோது வந்த நடுக்கம் அங்கிருந்து. பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். முன் இடது காற்றுப்பையின் மடிப்பில் கடுகளவில் நுரை பூத்தது. வலது பக்க மடிப்பில் நுரை இல்லை, ஆனால் அதே வெடிப்புக் கோடுகள். பின்பக்கப் பைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. இந்த மாடலில் பின்னால் பை தனி, ஷாக் தனி. அதனால் அங்கே ஷாக்கை மட்டும் மாற்றினால் போதும். நான்கையும் மாற்றச் சொன்ன காகிதத்தை நண்பர் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயையும் அண்ணன் பட்டியலில் சேர்த்தார். பை கசிந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். ரிலேயின் முனைகள் சூடேறி ஒட்டிக்கொண்டால் நிற்கவே நிற்காது, ஓடி ஓடிக் கருகும். விலை குறைந்த அந்தச் சின்னப் பெட்டியை மாற்றாமல் விட்டு, பெரிய செலவை இழுத்துக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுவிட்டால் என்ன என்று நண்பர் கேட்டார். "போடலாங்க, நெறைய பேரு போடறாங்க. ஆனா அம்மா ஒருத்தரே போறப்பவும் குடும்பமே போறப்பவும் ஒரே மாதிரி இருக்காது" என்றார் அண்ணன். என்னைக் கேட்டால், பராமரிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இரும்பு ஸ்பிரிங் நியாயமான வழிதான். ஆனால் ஒரு வண்டி எதற்காக அப்படிச் செய்யப்பட்டதோ அதையே எடுத்துவிட்டு, அந்த வண்டியை வைத்துக்கொள்வதில் எனக்கு மனமில்லை.

சாமான்கள் வந்துசேர எட்டு நாள். மறுபடியும் போனேன், பூட்டுவதைப் பார்ப்பதற்காகவே. இந்தத் தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுகொண்டது அன்றைக்குத்தான். லிஃப்டில் வண்டி நிற்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையில் ஆர்மின் போல்ட்டை முறுக்கிவிட்டால், ரப்பர் புஷ் அந்தத் தொங்கலோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடாமல் நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. வண்டி விறைப்பாக ஓடும், புது புஷ் சீக்கிரமே கிழியும். பூட்டியவருடைய அவசரத்துக்குப் பழி புஷ்ஷின் மேல் விழும்.

அண்ணன் போல்ட்டுகளைக் கையளவில் மட்டும் பூட்டி விட்டார். பிறகு ஜாக்கியை ஆர்முக்கடியில் கொடுத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கவேண்டிய உயரம் வரும்வரை ஏற்றினார். அந்த உயரத்தில் வைத்துத்தான் டார்க் ரெஞ்சு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இப்படி. பையனுக்குப் பசி, மணி மூன்றாகிவிட்டது. "இன்னும் ரெண்டு மில்லி ஏத்து, தம்பி" என்றார் அண்ணன். மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு அன்று முழுநாளும் ஆனது. பில்லில் இதற்கென்று ஒரு வரிகூட இல்லை. ஸ்கேனரை மாட்டி நான்கு மூலை உயரத்தையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தபோது விளக்கு வைக்கும் நேரம். பழைய 18 அங்குலச் சக்கரங்கள் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் கிடப்பதாக நண்பர் சொன்னார். புது டயர் போட்டு எடுத்துவரச் சொல்லி, வீல் அலைன்மென்டையும் அதன் பிறகே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் தள்ளிவைத்தார்.

வண்டியை அன்று கொடுக்கவில்லை. "ராத்திரி இங்கயே நிக்கட்டுங்க."

மறுநாள் ஆறரை மணிக்கு நான் போனபோது அவர் டீகூடக் குடிக்காமல் டேப்போடு குனிந்திருந்தார். வண்டியின் கதவை யாரும் திறக்கக்கூடாது என்று பையனிடம் சொல்லியிருந்தார். திறந்தால் கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடுமாம். முந்தைய இரவு அளவோடு ஒப்பிட்டால் முன் இடதில் ஒரு மில்லிமீட்டர் குறைவு, மற்ற மூன்றிலும் மாற்றமில்லை. சுவரோரம் இருந்த நீளக் கணக்கு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். நாள், ஓடிய கிலோமீட்டர், நான்கு உயரங்கள், டயரின் நான்கு இலக்கம். வண்டி கெடுவது ஒரே நாளில் நடந்தால் எல்லாருக்கும் தெரியும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டால் உடம்பு அதற்குப் பழகிப்போய் முன்னால் எப்படி இருந்தது என்பதையே மறந்துவிடும் என்று எழுதிக்கொண்டே சொன்னார். "அதான் நாம எழுதி வெக்கறதுங்க."

நண்பரின் வண்டிக்குப் புதுப்பக்கம் திறந்து நான்கு எண்களை எழுதினார். அவற்றுக்கு நேரே, அடுத்த வருடத்து அளவுக்காக நான்கு கட்டங்கள் போட்டுவிட்டு, டீ சொல்லப் பையனைக் கூப்பிட்டார்.