அலெக்சாண்டரின் அப்பா எந்தக் கல்லறையில் இருக்கிறார்?

1/
மாவீரன் அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப். அவர் அடக்கமான கல்லறை எது? கிரேக்க நாட்டில் 1977ல் ஆரம்பித்த சண்டை, இன்னும் ஓய்ந்தபாடில்லை. தொல்லியல்காரங்க சண்டை, நமக்கென்ன என்று போயிடாதீங்க. இதில் பாதி வாதம் எலும்பை வைத்து நடப்பது. அதனால்தான் ஒரு அரசு மருத்துவமனை டாக்டர் இதைப் பத்தி எழுதறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
இடம் வட கிரேக்கத்தில் உள்ள வெர்ஜினா. பழைய பெயர் ஐகை. மாசிடோனிய அரசர்களை அடக்கம் செய்த ஊர். அங்கே சுமார் 110 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய மண்மேடு. பேராசிரியர் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ் குழு அதைத் தோண்டியபோது உள்ளே கல்லறைகள் கிடைத்தன. முதலாவது, எப்போதோ கொள்ளை போனது. இரண்டாவது, யார் கையும் படாதது. மூன்றாவதில் ஒரு பதின்பருவப் பையன். அவன் அலெக்சாண்டரின் மகன் என்பதில் பெரிய தகராறு இல்லை.

3/
தகராறு இரண்டாம் கல்லறையில்தான். உள்ளறையில் ஒரு தங்கப் பெட்டி, மூடியில் நட்சத்திரச் சின்னம், உள்ளே எரிக்கப்பட்ட ஒரு ஆணின் எலும்புகள். முன்னறையில் இன்னொரு தங்கப் பெட்டி. அதில் தங்க இழையும் ஊதா நிறமும் கலந்த துணியில் சுற்றிய ஒரு பெண்ணின் எலும்புகள். கவசம், ஆயுதம், வெள்ளிப் பாத்திரம் எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் எங்கேயும் எழுதி வைக்கல.

4/
முதல் வேட்பாளர் இரண்டாம் பிலிப். கி.மு. 336ல் இதே ஐகையில், மகளின் கல்யாண விழாவில், சொந்த மெய்க்காப்பாளனே குத்திக் கொன்றான். வயது 46 வாக்கில். உடம்பெல்லாம் போர்க்காயம்: மெதோனி முற்றுகையில் அம்பு பட்டு வலது கண் போனது, தோள்பட்டை எலும்பு முறிந்தது, கால் ஊனமானது. இப்படி ஒரு மருத்துவ வரலாறு இருந்தால் எலும்பிலேயே கண்டுபிடிச்சிடலாம் என்று யாருக்கும் தோணும்.

5/
இரண்டாவது வேட்பாளர் பிலிப்பின் இன்னொரு மகன் அரிடேயஸ். அலெக்சாண்டர் இறந்ததும் மூன்றாம் பிலிப் என்ற பெயரில் அரசரானவர். மனவளர்ச்சி குறைந்தவர் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. கி.மு. 317ல் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் அவரைக் கொல்ல வைத்தாள். அவர் இளம் மனைவி யூரிடிகே தற்கொலைக்குத் தள்ளப்பட்டாள். பிறகு கசாண்டர் அதிகாரத்துக்கு வந்து, இருவரையும் ஐகையில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார். அரிடேயஸுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது.

6/
ரெண்டு பேருமே நடுவயது அரசர்கள். ரெண்டு பேருக்கும் இளம் மனைவி உண்டு. இடைவெளி இருபது வருஷம்தான். கார்பன் தேதியில் வரும் பிழையே அதைவிட அகலமா இருக்கும். டிஎன்ஏ எடுக்கலாமே என்று கேப்பீங்க. எரித்த எலும்பில் டிஎன்ஏ மிஞ்சுவது ரொம்பக் கஷ்டம். ஆக மிச்சம் இருக்கிறது எலும்பின் வடிவம் மட்டும்.

7/
1984ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மஸ்க்ரேவ், ப்ராக், நீவ் மூவரும் அந்த மண்டை ஓட்டுத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்தார்கள். வலது கண்குழிக்கு மேலே ஒரு வெட்டு மாதிரி பள்ளம் தெரிந்தது. அம்புக் காயம், ஆக இது பிலிப் என்றார்கள். மெழுகில் முகமும் செய்தார்கள், குருடான கண்ணும் தழும்புமாக. இன்றைக்கும் பிலிப் என்று தேடினால் அந்த முகம் வந்து நிற்கும்.

8/
இப்போ ஒரு சின்ன வேலை செய்ங்க. உங்க புருவ எலும்பின் கீழ் விளிம்பை, மூக்குப் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமா விரலால் மெதுவா தடவுங்க. நிறைய பேருக்கு ஒரு சின்ன பள்ளம் தட்டுப்படும். நெற்றிக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியாத்தான் ஏறும். முதல் வருஷ உடற்கூறியல் பாடம் இது. 2000ல் பார்ட்சியோகாஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் இதைத்தான் கேட்டார்: நீங்க காட்டுற காயம் இந்தப் பள்ளம்தானே? மீதி கோணல், தீயில் எலும்பு சிதைந்ததாலும் நீங்க ஒட்டின விதத்தாலும் வந்தது என்றார்.

9/
இங்கே வரிசையைக் கவனிங்க. 1977லேயே ஆந்த்ரோனிகோஸ் இது பிலிப்பின் கல்லறை என்று சொல்லிவிட்டார். மண்டை ஓட்டை ஒட்டியது அதுக்கு அப்புறம். பிலிப்புக்கு எந்தக் கண் போச்சு என்று முன்னாடியே தெரியும். தெரிஞ்சவங்க கண்ணுக்கு அந்தப் பள்ளம் காயமா தெரிந்தது. யாரும் பொய் சொல்லல. பெயர் முன்னாடி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

10/
இது எங்களுக்கு தினமும் பழக்கமான விஷயம். நெஞ்சு வலியோடு வர்றவர் "கேஸ் தொல்லை சார்" என்று பெயரோடவே வருவார். கேட்கிற டாக்டர் அந்தப் பெயரைப் பிடிச்சுக்கிட்டா, ஏப்பம் வந்ததா, நேத்து என்ன சாப்பிட்டீங்க என்றே கேள்வி போகும். எல்லா பதிலும் கேஸுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும். அதுக்குத்தான் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

11/
பார்ட்சியோகாஸ் இன்னொன்றும் சொன்னார். சதையோடு எரித்த எலும்பு வளையும், குறுக்கே வளைவா வெடிக்கும். காய்ந்த எலும்பை எரித்தால் அப்படி ஆகாது. இது காய்ந்த எலும்பு, அதாவது முதலில் புதைத்து பிறகு தோண்டி எரித்தது, ஆக அரிடேயஸ் என்றார். எதிர் அணி, வளைவு தெளிவா இருக்கு, சதையோடுதான் எரித்தது என்றது. நடுவில் வேறு ஆய்வுகள், எலும்பில் கொலாஜன் மிச்சம் இருந்தால் காய்ந்ததும் வளையும் என்று காட்டின. ஆக இந்த அளவுகோலே ஆட்டம் கண்டது.

12/
எனக்குப் பிடித்த உதாரணம் கால் கவசம். முன்னறையில் ஒரு ஜோடி, அதில் ஒன்று குட்டை. பிலிப் நொண்டினார் இல்லையா, அவருடையதுதான் என்று முதலில் விளக்கம். 2015ல் அன்டிகாஸ் தம்பதியின் ஆய்வு வந்தது. முன்னறைப் பெண்ணுக்கு 30 முதல் 34 வயது, இடது கால் எலும்பு முறிந்து குட்டையாகியிருக்கு, கவசம் அவளுடையது என்றார்கள். பக்கத்தில் சித்திய பாணி அம்பறாத்தூணி இருந்ததால் அவள் சித்திய இளவரசி என்றும் சொன்னார்கள். ஆனால் பிலிப்பின் ஏழு மனைவிகளைப் பட்டியல் போடும் பழைய குறிப்பில் சித்தியப் பெண் யாரும் இல்லை.

13/
அதே 2015ல் பார்ட்சியோகாஸ் குழு வேறு குண்டு போட்டது. பிலிப் இருப்பது முதலாம் கல்லறையில்! அங்கே சுமார் 45 வயது ஆண், இடது முழங்கால் இரண்டு எலும்பும் ஒட்டி மடங்கிய நிலையில், நடுவே ஒரு ஓட்டை. கூட 18 வயது வாக்கில் ஒரு பெண், ஒரு பச்சிளம் குழந்தை. பிலிப் இறந்த பிறகு ஒலிம்பியாஸ் கொன்ற கடைசி மனைவி கிளியோபாத்ராவும் அவள் குழந்தையும்! அச்சு அசலா பொருந்துது. ஒரு நெருடல்: பிலிப்பின் காயம் வலது தொடையில் என்று சொல்லும் பழைய குறிப்பு ஒன்று உண்டு.

14/
2025ல் மனியாடிஸ் குழு அதே முதலாம் கல்லறை எலும்புகளை கார்பன் தேதிக்கு அனுப்பியது. இங்கே கேள்வி இருபது வருஷ வித்தியாசம் பற்றியது இல்லை என்பதால் அது உதவியது. முடிவு: ஆண் 25 முதல் 35 வயது, இறந்தது கி.மு. 388க்கும் 356க்கும் நடுவில். பிலிப் இறந்தது 336. குழந்தை எலும்புகள் குறைந்தது ஆறு பேருடையவை, அவையும் ரோமானியர் காலத்தவை. கொள்ளையர் போட்ட வழியாக யாரோ பின்னாளில் கொண்டுவந்து போட்டவை. அரசன், ராணி, கைக்குழந்தை என்ற அந்த சோகக் குடும்பம் உண்மையில் ஒன்றாக வாழவே இல்லை.

15/
ஒரே எலும்பு. ஒரு குழுவுக்கு 45 வயது, இன்னொரு குழுவுக்கு 25 முதல் 35. சிரிக்காதீங்க. எலும்பை வைத்து வயது சொல்வது அரசு டாக்டருக்கு விதிக்கப்பட்ட வேலை. எக்ஸ்ரே எடுத்து, இந்தப் பையனுக்கு 17ஆ 19ஆ என்று நீதிமன்றத்துக்கு எழுதித் தரணும். எங்க பதில் எப்பவும் ஒரு எல்லைக்குள்தான் இருக்கும். ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகலாம் என்று உச்ச நீதிமன்றமே ஏத்துக்கிட்டிருக்கு. சிறார் இல்லமா, சிறையா என்பது சில சமயம் அந்த ரெண்டு வருஷத்தில் தொங்கும். வளர்ந்து முடிந்தவர் எலும்பில் அந்த எல்லை இன்னும் அகலம்.

16/
ஏன் இவ்வளவு சூடு? அந்தத் தங்கப் பெட்டி நட்சத்திரம்தான் காரணம். யூகோஸ்லாவியா உடைந்தபோது பிரிந்த மாசிடோனியக் குடியரசு, 1992ல் அதைக் கொடியில் போட்டது. கிரேக்கம் கொதித்தது, வணிகத் தடை விதித்தது. 1995ல் கொடி மாறியது, 2019ல் நாட்டின் பெயரே வட மாசிடோனியா ஆனது. இப்படி ஒரு அரசியல் நடுவில் "பெட்டியில் இருப்பது அலெக்சாண்டரின் அப்பா இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. இத்தனைக்கும் யாராக இருந்தாலும் அது மாசிடோனிய அரசகுலக் கல்லறைதான்.

17/
சரி, நீ என்ன சொல்றே என்று கேட்டால்: இரண்டாம் கல்லறை பிலிப்புக்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். கசாண்டர் அடக்கம் செய்தது அரிடேயஸ், யூரிடிகே, அவள் தாய் என மூன்று பேரை. இங்கே ரெண்டு பேர்தான். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் யூரிடிகே ஆக முடியாது. ஆனால் அதே கணக்கில் பிலிப்பின் கடைசி மனைவியும் ஆக முடியாது, அவளும் சின்னப் பெண்தான். முதல் கல்லறை பிலிப் இல்லை என்பதால் மட்டும் இரண்டாவது பிலிப் ஆகிவிடாது. எலும்பை மட்டும் என் மேஜையில் வைத்து பெயர் போட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டேன்.

18/
பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கண்டது ஒரு பகுதி, கருத்து இன்னொரு பகுதி. கண்டதை முழுசா எழுதி முடித்த பிறகுதான் கருத்து. வெர்ஜினாவில் கருத்து 1977லேயே வந்துவிட்டது, கண்டதை இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்க. இதற்கு ஒரு வழி இருக்கு: யாருடையது என்று சொல்லாமல், சண்டையில் இல்லாத ரெண்டு மூணு பேரிடம் எலும்பைத் தனித்தனியாகக் கொடுத்து, என்ன தெரியுது என்று மட்டும் எழுத வைப்பது.

19/
அடுத்த முறை "மன்னரின் எலும்பு உறுதி" என்று செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்க. பெயர் முதலில் வந்ததா, ஆதாரம் முதலில் வந்ததா? வயதுக்கும் காலத்துக்கும் எல்லை சொன்னாங்களா, ஒரே எண்ணாகச் சொன்னாங்களா? இதே ஆதாரம் இன்னொருவருக்கும் பொருந்துமா?

அப்படியே இன்னொன்று. நெஞ்சு வலி வந்தால் பெயர் வைக்காமல் வாங்க. எங்கே வலிக்குது, எப்போ ஆரம்பிச்சது, வேர்த்ததா என்று மட்டும் சொல்லுங்க. பெயரை நாங்க பார்த்துக்கறோம்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிந்ததும் பதில் சொல்றேன்.