குடிமங்கலத்துக் காற்றும் ஒரு மீட்டர் ஹீலியமும்

ஆடி மாத உச்சிவேளை. உடுமலைப்பேட்டைக்கு வடக்கே, குடிமங்கலம் பக்கத்துக் காடு ஒன்றில் காற்றாலைக் காத்தாடிக்கு அடியில் நிற்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. எதிரே ஒரு வரிசைத் தென்னை. முதல் மரத்தின் மட்டைகள் கிழக்கே பறக்க, நாலாவது மரம் அசையாமல் நிற்கிறது. கண்ணிமைப்பதற்குள் அதுவும் முறுக்கிக்கொண்டு ஆடுகிறது.

"வேகமா அடிச்சாப் பரவாயில்லீங்க. விட்டு விட்டு அடிக்கறதுதானுங்க கியர் பாக்ஸைத் தின்னுது" என்கிறார் பராமரிப்புக்கு வந்தவர்.

அதுதான் கொந்தளிப்பு. காலடி மண் சுடுகிறது. சூடான காற்று மேலே கிளம்பி, அடிக்கிற காற்றை இன்னும் கலைக்கிறது. இந்த எழுச்சியின் உந்துதலை அளப்பது ரேலி எண். மற்றவை மாறாமல் காற்று அடுக்கின் உயரம் மட்டும் பத்து மடங்கானால் அது ஆயிரம் மடங்காகும். அதனால்தான் வானத்தில் நடப்பதைச் சாதாரணக் காற்றை வைத்து ஓர் அறைக்குள் நடத்திப் பார்க்க முடிவதில்லை. வெளியிலோ காற்று ஒரு நிலையில் நிற்பதில்லை.

இதற்கு வழி காட்டியது குளிர்ந்த ஹீலியம். மைனஸ் 268 டிகிரியை ஒட்டி, அழுத்தத்தில் இருக்கும் ஹீலிய வாயு அடர்த்தியானது, ஆனால் பிசுபிசுப்பு மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை நம் காற்றில் இருப்பதில் பல நூறில் ஒரு பங்குதான். அழுத்தத்தை மாற்றினாலே ரேலி எண்ணைக் கோடிக்கணக்கான மடங்கு கூட்டலாம், குறைக்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு மீட்டர் உயரக் கலத்தை வைத்து நீமெலா, ஸ்க்ர்பெக், பெங்களூருவில் படித்த ஸ்ரீனிவாசன், டானலி ஆகியோர் ரேலி எண்ணில் 10இன் 17ஆம் அடுக்கு வரை போய், 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

என்னை அசத்தியது அடுத்த ஆண்டு அவர்களே எழுதிய கட்டுரை. கலத்துக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் பெருஞ்சுழல் ஒன்று உருவாகிறது. கட்டுரையில் அதன் பெயரே 'காற்று'. மேலும் கீழுமாகப் பொருத்திய, கடுகை விடச் சிறிய வெப்ப உணரிகளில் எது முதலில் சூட்டை உணர்கிறது என்று பார்த்து அதன் திசையைக் கண்டார்கள். யாரும் தொடாமலே, ஒழுங்கில்லாத இடைவெளிகளில், அந்தக் காற்று சட்டென்று எதிர்த்திசைக்குத் திரும்பியது!

ஆனால் வெப்பம் எவ்வளவு கொண்டுசெல்லப்படுகிறது என்பதில் பிணக்கு இருக்கிறது. ஓரிகன் கணக்கில், ரேலி எண் லட்சம் மடங்கானால் வெப்பப் பரிமாற்றம் சுமார் 35 மடங்காகும். 1997இல் இதே குளிர் ஹீலியத்தை வைத்து பிரான்ஸின் கிரெநோபிள் குழு மிக உயர்ந்த ரேலி எண்களில் கண்ட போக்கு அப்படியே நீடித்தால், அது சுமார் 80 மடங்கு. கலத்தின் சுவரா, அதன் மேல், கீழ்த் தகடா, வாயுவின் குணமா, எது இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டே வந்திருக்கின்றன.