நீலம் பாயாத கத்தி

முகப்பேர் மேற்கில் வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளுக்கு நடுவே, ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் பெஞ்ச் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. இரும்பு மேசையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இடப்பக்கம் சாம்பல் நிற வீல், வலப்பக்கம் வெள்ளை வீல். அருகில் தண்ணீர் நிரப்பிய பெயின்ட் டப்பா, பழைய தோல் பெல்ட் துண்டு ஒன்று, ஆணியில் தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடி. இவற்றின் சொந்தக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் கிரைண்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சாணைக்காரத் தாத்தா’.

இந்தப் பக்கத்தில் இப்படி ஒருவர் இருப்பதில் வியப்பில்லை. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொழிற்சாலை தொடங்கியது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. லேத், மில்லிங், டிரில்லிங் என்று எந்த மெஷின் ஓடினாலும் அதன் வெட்டுளி மழுங்கும். மழுங்கியதைத் தீட்டித் தர ஓர் ஆள் வேண்டும். அப்படித் தீட்டியே குடும்பத்தை நடத்தியவர்கள் மண்ணூர்பேட்டையிலும் கொரட்டூரிலும் முகப்பேரிலும் வீடு எடுத்துத் தங்கினார்கள். நம் சமையலறைக் கத்தியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பதை அந்த மாடிப்படிக்கு அடியில் நின்றபோது உணர்ந்தேன்.

நான் போனபோது புது வீல் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டுவதற்கு முன், அதன் துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார்.

“கேட்டீங்களா சார்? கணீர்னு வரணும். ‘மொத்’துனு வந்தா உள்ள விரிசல் இருக்குன்னு அர்த்தம். அதை மாட்டவே கூடாது.”

மாட்டிய பிறகு ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். என்னையும் இழுத்து நிறுத்தினார். ஒரு நிமிடம் வீல் வெறுமனே ஓடியது. மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 2,850 சுற்று என்று பொறித்திருக்கிறது. 6 அங்குல வீலின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். விரிசல் விட்ட வீல் உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில்தான் பறக்கும். கடையில் பெஞ்ச் கிரைண்டர் வாங்கி வந்து வீட்டிலேயே கத்தி தீட்டத் தொடங்குகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். இந்த ஒரு நிமிடப் பொறுமையை அவர்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

எதிர்வீட்டு அம்மா கொடுத்த காய்கறிக் கத்தியை எடுத்தார். வெளிச்சத்தில் கூர்முனையைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம்தான் வெள்ளைக் கோடாக மின்னும். அந்தக் கத்தியில் கோடு நுனிவரை ஓடியது. வெள்ளை வீலில் கத்தியை வைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. உடனே தண்ணீரில் முக்கினார். மறுபக்கம் ஒரு இழுப்பு, மறுபடி தண்ணீர். அழுத்தவே இல்லை. கையுறையும் போடவில்லை, சூடு விரலுக்குத் தெரிய வேண்டுமாம். சுழலும் வீலில் கையுறை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

“பொறி எங்க போகுதுன்னு பாருங்க” என்றார். முதலில் பொறி முழுவதும் கத்திக்குக் கீழே கொட்டியது. மூன்று நான்கு இழுப்புக்குப் பிறகு கொஞ்சம் பொறி கத்திக்கு மேலே ஏறி வந்தது. வீல் கூர்முனையைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

எல்லாச் சூட்சுமமும் இந்த நிறுத்துவதில்தான் இருக்கிறது. கத்தியின் எஃகைக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டில் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். தீட்டும்போது அதைத் தாண்டிச் சூடேறினால் பதம் இறங்கும். எஃகின் நிறமும் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 300 டிகிரியை ஒட்டி நீலம். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு மெத்தென்று ஆகிவிடும். எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு வெங்காயத்துக்குமேல் தாங்காது. கத்தியின் நுனிதான் மெல்லியது, சூடு பரவிப் போக இடமில்லாதது. அதனால் முதலில் எரிவது நுனி. தெருவில் அவசரமாகத் தீட்டிக்கொண்டுபோன கத்திகளின் நுனியை அவர் காட்டினார். மயில்கழுத்து நிறத்தில் மின்னின. வாங்கியவர்கள் அதைப் பளபளப்பு என்றே நினைத்திருப்பார்கள்.

சாம்பல் வீல் இருக்க, ஏன் வெள்ளை வீல் என்று கேட்டேன். “கெட்டி இரும்புக்கு மெது வீல், மெது இரும்புக்குக் கெட்டி வீல்” என்றார். தலைகீழாகத் தோன்றும், ஆனால் கணக்குச் சரி. வீலில் இருப்பது கோடிக்கணக்கான சிறு மணிகள். ஒவ்வொன்றும் ஒரு வெட்டுளி. அவற்றைப் பீங்கான் போன்ற பசை கட்டிப்போட்டிருக்கிறது. கெட்டி எஃகைத் தீட்டும்போது மணி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய மணி உதிர்ந்து விழுந்தால்தான் அடியில் இருக்கும் புது மணி மேலே வரும். பசை இறுக்கமாக இருந்தால் மழுங்கின மணி அங்கேயே நின்று தேய்க்கும். தேய்ப்பு சூடாகும், சூடு நீலமாகும். மெஷினோடு கடையில் கிடைக்கும் சாம்பல் வீல் பெரும்பாலும் முரட்டு மணியும் இறுகிய கட்டும் கொண்டது. ஆணி, உளி, கடப்பாரைக்கு ஆகும். சமையலறைக் கத்திக்கு ஆகாது.

வீலின் காகித வில்லையில் அச்சடித்திருப்பது இதைத்தான். ஏ 60 கே என்று இருந்தால், ஏ என்பது அலுமினியம் ஆக்ஸைடு, 60 என்பது மணியின் பருமன், கே என்பது கட்டின் இறுக்கம். எழுத்து இசட் நோக்கிப் போகப்போக இறுக்கம் கூடும். இதை அவர் எனக்கு விளக்கியபோது வில்லையைப் பார்க்கவே இல்லை, பேச்சிலேயே வந்தது. தமிழ்நாட்டுக்கு இந்த அறிவு புதிதும் அல்ல. இயற்கை அலுமினியம் ஆக்ஸைடான குருந்தக்கல் நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கிடைப்பது. அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்து, மணிக்கல் பட்டை தீட்டியவர்கள் இந்த நாட்டுக் கைவினைஞர்கள். 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் செய்த வீல்கள் நாடு முழுவதும் போயின.

வீலில் தீட்டி முடித்தாலும் வேலை முடியாது. கூர்முனையின் ஒரு பக்கமாக மெல்லிய பிசிறு மடங்கி நிற்கும். கட்டைவிரலைக் குறுக்காக, மிக லேசாக ஓட்டினால் தட்டுப்படும். அதைத் தோல் பெல்ட்டில் இழுத்து எடுத்தார், கூர்முனை எப்போதும் பின்னால் வரும்படி. பிசிறோடு கொடுத்த கத்தி அன்று தக்காளியை அருமையாக வெட்டும். மறுநாள் பிசிறு உடைந்து மொண்ணையாகிவிடும். கடைசியாகச் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக் கீறினார். சத்தமே இல்லாமல் இறங்கியது.

தையல்காரரின் கத்தரிக்கோலை மட்டும் கடைசியில் எடுத்தார். அதன் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசும் உள்பக்கத்தை வீலில் தொடவே கூடாது. வெளிச்சரிவை மட்டும் தீட்ட வேண்டும். உள்பக்கத்தில் நூலளவு குழிவு இருக்கிறது. அதனால் இரண்டு அலகும் ஒரே புள்ளியில் சந்தித்து வெட்டுகின்றன. அதைத் தட்டையாக்கினால் கத்தரிக்கோல் துணியை வெட்டாது, மெல்லும். பல ஆயிரம் ரூபாய்க் கத்தரிக்கோல் ஒரே நிமிடத்தில் குப்பைக்குப் போகும்.

ஒரு கத்திக்கு 40 ரூபாய் வாங்கினார். பணம் அவருக்கு அவசியமில்லை. “நான் சும்மா செஞ்சா, தெருவுல வர்ற தம்பிக்கு யார் குடுப்பாங்க?” என்றார்.

அந்தத் தம்பியையும் பார்த்தேன், முகப்பேர் ஏரித் திட்டத்துத் தெரு ஒன்றில். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் பின்புறம் இரும்புச் சட்டம் அடித்து அதில் வீல் மாட்டியிருக்கிறார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அதிலிருந்து பெல்ட் வீலைச் சுழற்றும். வேகம் அவர் கையிலிருக்கும் ஆக்சிலேட்டரில். அவருடைய அப்பா மரச்சட்டத்தைத் தோளில் சுமந்து காலால் மிதித்துத் தீட்டியவர். மகன் பெட்ரோலுக்கு மாறிவிட்டார். ஆனால் தெருமுனையில் “கத்தி, அரிவாமனை, கத்திரிக்கோலு சாணை பிடிக்கிறதேய்” என்ற குரல் அப்பாவுடையதுதான் என்கிறார்.

வீல் கோணலாகத் தேய்ந்தால் இவர் தாத்தாவிடம் போவார். அவர் வீலைச் சீராக்கும் டிரெஸ்ஸரை ஓட்டி வட்டமாக்கித் தருவார். மீன் வெட்டுகிற அக்காக்கள் இவருடைய நிரந்தர வாடிக்கை. அவர்களுடைய பெரிய அரிவாள்மனையின் செதில் படிந்த வளைவைத் துடைத்து, நின்றபடியே தீட்டுகிறார். முகத்துக்கு நேரே தூசி எழுகிறது. மூக்கில் துணிகூடக் கட்டவில்லை.

அது எனக்கு வலித்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலர்ந்த மணற்கல்லில் தீட்டியவர்கள் நுரையீரல் நோயால் இளவயதிலேயே செத்தார்கள். சராசரி ஆயுள் 35-ஐக்கூட எட்டவில்லை என்று 1845-இல் சிந்தனையாளர் எங்கெல்ஸ் எழுதினார். நீர் ஊற்றித் தீட்டியவர்கள் அதைவிடச் சில ஆண்டுகள் கூட வாழ்ந்தார்கள். இன்றைய வீலில் மணற்கல் இல்லை. ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இரும்புத் தூசி இரும்புத் தூசிதான். நல்ல முகக்கவசமும் ஒரு கண்ணாடியும் அவருக்குத் தேவை. நம் வாசலில் அரைமணி நேரம் நிற்கிறவருக்கு அதை வாங்கிக்கொடுப்பது நமக்குப் பெரிய செலவல்ல.

அவர் சொன்ன குறை வேறு. பெரிய அடுக்ககங்களின் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடுவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் குரலும் கேட்பதில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் நடமாடிச் சேவை தருபவரையும் வியாபாரியாகவே ஏற்கிறது. தெருவில் அவருக்கு உரிமை உண்டு. கேட்டுக்கு உள்ளே விடுவது நம் கையில் இருக்கிறது.

குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அவரை உள்ளே அழையுங்கள். கத்திகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். நிழலும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுங்கள். கத்தியைத் தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டினால் நேரம் ஆகும்; அவசரப்படுத்தாதீர்கள், கேட்ட கூலியில் பேரம் பேசாதீர்கள்.