சீழ்க்கட்டியைச் சுமப்பவர்

நுரையீரலில் சீழ்க்கட்டி என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும் இளம் டாக்டர்கள் கேட்பது, "எந்த ஆன்டிபயாடிக் சார் போடலாம்?" என்றுதான். பெனிசிலின் வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோனார். இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கத்தி படாமல் மருந்திலேயே குணமாகிறார்கள். மிச்சமுள்ளவர்கள் யார் என்று முதல் நாளே கணிக்க வேண்டும். அதற்கு மருந்துப் பட்டியல் உதவாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பேன். சொத்தைப் பல்லும் சீழ் வடியும் ஈறும் உள்ளவர் போதையிலோ வலிப்பிலோ நினைவு தப்பிக் கிடக்கும்போது எச்சில் புரையேறி, வாய்க் கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அவை காற்றில்லாமல் வாழ்பவை, அதனால்தான் சளி அப்படி நாறும். "நாலு கட்டில் தள்ளியும் அடிக்குதுங்க டாக்டர்" என்று மனைவி கூசிக்கொண்டு சொல்வார். சளிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால் மேலே நுரை, நடுவே கலங்கல் நீர், அடியில் பச்சையாகச் சீழ். எனக்கு அது ஆறுதல் தரும் காட்சி. கட்டி மூச்சுக்குழாய்ப் பக்கம் திறந்து, சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டது.

பல்லே இல்லாத முதியவருக்குச் சீழ்க்கட்டி வந்தால்தான் எனக்கு உறுத்தும். அந்தக் கிருமிகள் குடியிருக்க ஈறில் இடமில்லாதபோது கட்டி எப்படி வந்தது? புற்றுநோய் மூச்சுக்குழாயை அடைத்திருக்கலாம். அடைப்பு இருக்கும்வரை எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. அவருக்கு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியைத் தள்ளிப்போடவே கூடாது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், ஸ்டீராய்டு சாப்பிடுபவர், வாரக்கணக்கில் இருமல் மருந்தோடு ஓட்டிவிட்டுத் தாமதமாக வந்தவர், கட்டி அரித்த குழி 6 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தவர் ஆகியோரைத் தினமும் இருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் கிளெப்சியெல்லா என்ற கிருமி இருந்தால் நுரையீரல் வேகமாக அழியும்.

எக்ஸ்ரேயில் குழிக்குள் சீழின் மேல்மட்டம் அளவுகோல் வைத்து இழுத்த கோடு மாதிரித் தெரியும். சளி நிறைய வந்து கோடு இறங்கினால் நல்லது. சளி வராமலே கோடு இறங்கி, காய்ச்சல் ஏறி, மூச்சு வாங்கினால், கட்டி நுரையீரல் உறைக்குள் உடைந்துவிட்டதென்று சந்தேகிப்பேன். அங்கே தேங்கும் சீழுக்கு விலாவிடையில் குழாய் போட்டாக வேண்டும். ரத்தம் குபுகுபுவென்று வந்தால், கட்டி உள்ள பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நுரையீரலும் ரத்தத்தில் மூழ்கும். டாக்டர் வரும்வரை காத்திராமல் இதைச் செய்யும்படி வார்டு சிஸ்டர்களிடம் சொல்லியே வைத்திருக்கிறேன்.

பெரும்பாலும் பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும். உடனே, "வேலைக்குப் போகணும் சார், சீட்டு கொடுங்க" என்பார்கள். தினக்கூலிக்காரர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் மாத்திரை நாலு வாரமாவது, சிலருக்கு ஆறு வாரத்துக்கு மேலும், எக்ஸ்ரே தெளியும்வரை வேண்டும். பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பும். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த எக்ஸ்ரே தேதியைப் பெரிதாக எழுதி, கூட வந்தவரின் போன் நம்பரையும் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.